ஆயக்கட்டில் விழும் வெயில்

(கள்ளக்குறிச்சியில் ஒரு வாசகர் வட்டத்தின் கோடைக்காலக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சித்திரை பிறந்து ஒரு வாரம்தான் ஆகிறது. கத்திரி இன்னும் தொடங்கவில்லை. அதற்குள் இந்த மண்டபத்தில் அழைப்பிதழெல்லாம் விசிறியாகிவிட்டது. என் பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான நேரம் அமையாது. சீக்கிரம் முடித்துக்கொள் என்ற எச்சரிக்கையும் அந்த விசிறலில் இருப்பது எனக்குப் புரிகிறது.

"முன்னெல்லாம் இவ்வளவு வெயில் இல்லையே" என்பது நான்குமுனைச் சந்திப்பு டீக்கடையில் தொடங்கி கலெக்டர் ஆபீஸ் வராந்தா வரைக்கும் கேட்கிற பேச்சு. ஏன் என்று கேட்டால் மூன்று காரணம் வரும். காட்டை வெட்டிவிட்டார்கள். உலகமே சூடாகிறது. ஓசோனில் ஓட்டை விழுந்துவிட்டது. மூன்றாவதை இப்போதே கழித்துவிடலாம். ஓசோன் படலம் புற ஊதாக் கதிரை வடிகட்டுகிற சமாச்சாரம். மே மாதப் புழுக்கத்துக்கு அதன்மேல் பழி போட முடியாது. உலகம் சூடாவது உண்மை. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1.5 டிகிரி செல்சியசுக்கு மேல் போன முதல் ஆண்டு 2024 என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. நம் நாட்டைப் பொறுத்தவரை, 1901 முதல் 2018 வரை சராசரி வெப்பநிலை 0.7 டிகிரி அளவுக்கு உயர்ந்திருக்கிறது என்று புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. ஆனால் அந்தச் சூட்டைப் பற்றி நம் நகர்மன்றம் தீர்மானம் போட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. காட்டைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன். அது நாம் நினைப்பதுபோல நேரான கதை இல்லை. நான் இன்று எடுத்துக்கொண்டது நாம் பேசாமல் விட்ட நான்காவது காரணத்தை. நம் காலுக்குக் கீழே இருக்கிற நிலத்தை நாம் என்ன செய்தோம் என்பதுதான் அது.

முதலில் ஒரு சங்கடம். கோடை வந்தால் செய்தியில் தினமும் பட்டியல் வாசிக்கிறார்கள்: சேலம், தருமபுரி, திருப்பத்தூர், வேலூர், கடலூர். எந்த ஊரில் வெயில் சதம் அடித்தது என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொல்கிறார்கள். அந்தப் பட்டியலில் நம் ஊர்ப் பெயர் வருவதில்லை. மேற்கே சேலம் மலைகளுக்கு நடுவில் இருக்கிறது. கிழக்கே கடலூர் கடலோரத்தில் இருக்கிறது. இரண்டு ஊர்ச் சூடும் நம் சூடு ஆகாது. உங்கள் செல்போனில் "கள்ளக்குறிச்சி 39 டிகிரி" என்று காட்டுகிறதே, அது பெரும்பாலும் கணினி கணக்குப் போட்டுச் சொல்கிற எண். யாரும் வெப்பமானியைப் பார்த்துச் சொன்னதல்ல. முறையாக அளப்பதென்றால், வெள்ளையடித்த, நான்கு பக்கமும் சட்டம் சட்டமாகக் காற்றோட்டம் வைத்த மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து ஏறக்குறைய நாலடி உயரத்தில், வெயில் நேரே படாமல் அளக்க வேண்டும். அந்தப் பெட்டியை வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன் கலங்கரை விளக்கம் கட்டும் பொறியாளர். 'புதையல் தீவு' எழுதினாரே, அந்த ஸ்டீவன்சனின் அப்பா. மகன் பெயர் எல்லோருக்கும் தெரியும், அப்பா பெயர் வானிலைக்காரர்களுக்கு மட்டும் தெரியும்.

நகரத்துக்கு என்று தனிச் சூடு உண்டு என்பதை முதலில் எண்களோடு காட்டியவரும் வானிலையைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். லூக் ஹோவர்ட் லண்டனில் மருந்து தயாரித்து விற்றவர். மேகங்களுக்கு இன்றைக்கும் வழங்குகிற லத்தீன் பெயர்களை வைத்தவரும் அவரே. 1818ஆம் ஆண்டையொட்டி லண்டன் தட்பவெப்பம் பற்றி அவர் வெளியிட்ட நூலில் ஒரு கணக்கு இருக்கிறது. நகரத்துக்குள் இரவில், வெளியே உள்ள நாட்டுப்புறத்தைவிட 3.7 டிகிரி பாரன்ஹீட் கூடுதல் சூடு. பகலிலோ நகரம் ஒரு துளி குளிர்ச்சி, 0.34 டிகிரி குறைவு. இருநூறு வருஷத்துக்கு முந்தைய கணக்கு. பகலையும் இரவையும் அவர் பிரித்துப் பார்த்தாரே, அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கள்ளக்குறிச்சிக்கு அது அப்படியே தேவைப்படும்.

இனி ஏக்கர் கணக்குக்கு வருவோம். இங்கே விவசாயக் குடும்பம் இல்லாதவர்கள் குறைவு. அதனால் தயங்காமல் சொல்கிறேன்.

மே மாதத்தில் மேகமில்லாத ஒரு நாளில், ஒரு சதுர மீட்டர் நிலத்தின்மேல் விழுகிற வெயிலின் ஆற்றல் சுமார் 6 யூனிட். மின்சார மீட்டரில் ஓடுகிற அதே யூனிட். ஓர் ஏக்கருக்கு 4,047 சதுர மீட்டர். ஆக, ஓர் ஏக்கர்மேல் ஒரே நாளில் ஏறத்தாழ 24,000 யூனிட் விழுகிறது. ஒரு பகுதி திரும்பி வானத்துக்கே போய்விடும். மிஞ்சியது என்ன ஆகும்?

அந்த ஏக்கர் ஏரிக்குக் கீழே உள்ள நஞ்சை, பயிர் நிற்கிறது, காலடியில் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வயலில் கோடை நாளில் 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாகும். சதுர மீட்டருக்கு 5 லிட்டர். ஏக்கருக்கு 20,000 லிட்டர். ஒரு லிட்டர் நீர் ஆவியாக 0.68 யூனிட் ஆற்றல் வேண்டும். பெருக்கிப் பாருங்கள், 13,600 யூனிட். விழுந்த வெயிலில் பாதிக்கு மேல் ஆவியோடு மேலே போய்விட்டது. எங்கோ உயரத்தில் மேகமாகும்போது அந்தச் சூடு வெளியே வரும். நம் நெற்றியில் அடிக்காது. ஒரு டன் ஏசி ஒன்று இருபத்துநாலு மணி நேரம் ஓடினால் அறையிலிருந்து 84 யூனிட் சூட்டை வெளியேற்றும். அப்படிப் பார்த்தால் ஒரு நஞ்சை ஏக்கர் 160 ஏசிக்குச் சமம். கரண்ட் பில் கிடையாது.

இப்போது அந்த நஞ்சைக்கு மனைப்பிரிவு வருகிறது. முதலில் வாய்க்கால் மறையும். பிறகு லாரி லாரியாகக் கிராவல் கொட்டி மேடாக்குவார்கள். நாலு பக்கமும் கல் நடுவார்கள், வளைவு ஒன்று கட்டி நகர் என்று பெயர் வைப்பார்கள், நடுவில் தார் ரோடு ஒன்று கறுப்பாக ஓடும். புது தார் தன்மேல் விழும் வெயிலில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் விழுங்கிவிடும். ஆவியாக நீர் இல்லை. இலை இல்லை. அந்த 13,600 யூனிட்டுக்கு இப்போது இரண்டே வழி: தரையைச் சூடாக்கு, தரைமேல் உள்ள காற்றைச் சூடாக்கு. சூரியன் நேற்று அனுப்பிய அதே வெயிலைத்தான் இன்றும் அனுப்புகிறது.

இதில் யாரும் கவனிக்காத ஒரு சங்கதி உண்டு. மனை போட்டவுடன் வீடு வந்துவிடுவதில்லை. வாங்கியவர் சென்னையிலோ திருப்பூரிலோ இருப்பார். பெண் கல்யாணத்துக்கு ஆகும் என்று வாங்கிப் போட்டிருப்பார். பத்து வருஷம், பதினைந்து வருஷம் அந்த நிலம் வயலும் இல்லாமல், வீடும் இல்லாமல், நிழலும் இல்லாமல், நாலு சீமைக்கருவேலோடு காய்ந்து கிடக்கும். என் கணிப்பில், நம் ஊரைச் சுற்றிச் சூட்டைக் கூட்டுவதில் கட்டிய வீடுகளுக்கு நிகரான பங்கு இந்தக் கட்டாத மனைகளுக்கும் உண்டு. கட்டிடம் என்றால் எல்லோர் கண்ணிலும் படும்; காலி மனையை யார் கணக்கில் வைப்பார்கள்?

மாணவர்களில் சிலர் இணையத்தில் செயற்கைக்கோள் வெப்பப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பாக இருந்தால் சூடு, நீலமாக இருந்தால் குளிர்ச்சி. நம் பகுதி மே மாதப் படத்தை எடுத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை நடக்கலாம். நடு ஊரைவிட வெளியே உள்ள காய்ந்த கொல்லைகள் அதிகச் சிவப்பாகத் தெரியலாம். அட, ஊர் குளிர்ச்சியாகத்தானே இருக்கிறது, இந்த ஆள் என்ன உளறுகிறார் என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. 2017இல் மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் இந்தியாவின் 84 நகரங்களை இப்படிப் பார்த்தபோது, கோடைப் பகலில் பல நகரங்களின் தரை சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ச்சியாக இருந்ததைக் கண்டார்கள். காந்திநகர் ஐஐடி ஆய்வாளர்களும் அதே ஆண்டில் இதே போக்கைக் காட்டினார்கள். பாசனமும் பயிரும்தான் இந்த வித்தியாசத்தைத் தீர்மானிக்கின்றன என்றார்கள்.

காரணம் எளிது. மக்காச்சோளமும் உளுந்தும் எடுத்த பிறகு நம் புன்செய் நிலம் சித்திரையில் மொட்டையாகக் கிடக்கும். செம்மண் காய்ந்து வெடித்திருக்கும். ஊருக்குள் அங்கங்கே ஒரு வேம்பு, ஒரு புங்கன், ஒரு வீட்டுத் தென்னை, குழாயடியில் ஈரம். செயற்கைக்கோள் வருவதோ முற்பகலில்; லேண்ட்சாட் நம் தலைக்குமேல் கடப்பது பத்து மணியையொட்டி. காய்ந்த மண் காலையிலேயே சட்டென்று கொதித்துவிடும். கான்கிரீட் மெதுவாகத்தான் சூடேறும். ஆகவே அந்த நேரத்துப் படத்தில் ஊர் ஜெயித்துவிடுகிறது. இன்னொன்று, செயற்கைக்கோள் அளப்பது தரையின் தோல் சூடு. காற்றின் வெப்பநிலை 40 டிகிரி இருக்கும்போது தார் ரோட்டின் தோல் 60 டிகிரி இருக்கும். படத்தில் பார்த்த எண்ணை "கள்ளக்குறிச்சியில் 55 டிகிரி வெயில்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பி ஊரைப் பயமுறுத்தாதீர்கள்.

இங்கேதான் ஹோவர்டின் இரவுக் கணக்கு வேண்டும். பகல் முழுக்கக் குடித்த சூட்டைக் காய்ந்த கொல்லை சூரியன் மறைந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். மெத்தை வீட்டின் ஐந்து அங்குலக் கான்கிரீட் அப்படிச் செய்யாது. வெல்லம் காய்ச்சுகிறவர்களைக் கேளுங்கள், அடுப்பை அணைத்தபிறகும் கொப்பரை எவ்வளவு நேரம் சுடும் என்று சொல்வார்கள். நம் வீட்டுத் தளம் அந்த ஜாதி. வெளியே வெயில் உச்சம் மதியம். உள்கூரை உச்சச் சூட்டுக்கு வருவது பொழுது சாயும் நேரத்தில். அதன்பிறகு நீங்கள் விசிறியைப் போட்டால், அந்தக் கூரைச் சூட்டைத்தான் விசிறி உங்கள் தலையில் தள்ளுகிறது. தெரு குறுகலாக, இருபுறமும் மாடி வீடுகளாக இருந்தால், தளமும் சுவரும் வானத்தைப் பார்க்க வழியில்லாமல் ஒன்றுக்கொன்று சூட்டைப் பரிமாறிக்கொண்டு கிடக்கும். ஏசி வைத்தவர் வீட்டுச் சூடு பக்கத்து வீட்டு ஜன்னலுக்குப் போகும்.

புவனேஸ்வர் ஐஐடி ஆய்வாளர்கள் 141 இந்திய நகரங்களின் இரவுநேரத் தரைச் சூட்டை 2003 முதல் 2020 வரை பார்த்து, 2024இல் முடிவை வெளியிட்டார்கள். பத்தாண்டுக்குச் சராசரியாக 0.53 டிகிரி ஏற்றம். அந்த ஏற்றத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக நகரம் வளர்ந்ததால் மட்டும் வந்தது என்பது அவர்கள் கணக்கு. மிச்சம் உலகச் சூடு. மூன்றில் ஒரு பங்கு என்பது கொஞ்சமில்லை. அந்தப் பங்கு மனை அப்ரூவலிலும் கட்டிட வரைபடத்திலும் தீர்மானமாவது.

இரவுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், உடம்பு பகலில் பட்ட வெயிலை ஆற்றிக்கொள்வது இரவில்தான். கரும்பு வெட்டிவிட்டு வந்தவருக்கும், நெல் மில்லில் மூட்டை தூக்கிவிட்டு வந்தவருக்கும் தூக்கம் வராத ஐந்து இரவு தொடர்ந்து வந்தால், ஆறாம் நாள் வெயில் முதல் நாளைவிட ஆபத்து. 2010 மே மாதத்தில் அகமதாபாத்தில் வெப்ப அலை வந்தபோது வழக்கத்தைவிட 1,344 சாவு கூடுதலாக நடந்தது பின்னர் கணக்கெடுத்தபோது தெரிந்தது. மருத்துவமனைப் பதிவுகளில் பெரும்பாலும் வெயில் என்று எழுதியிருக்காது. மாரடைப்பு என்று எழுதியிருக்கும். அந்த நகரம்தான் 2013இல் நாட்டிலேயே முதல் வெப்பச் செயல்திட்டம் போட்டது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உதவித்தொகை உண்டு. நல்ல காரியம். ஆனால் அது செத்த பிறகு வருகிற பணம்.

இப்போது நம் ஊர் வளர்ந்த கதை. நான் சிறுவனாக இருந்தபோது இது தென்னாற்காடு. 1993இல் விழுப்புரம் மாவட்டம். 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. இடையில் சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை வரை 136 கிலோமீட்டர் சாலையை அகலப்படுத்தினார்கள். மாவட்டம் வந்ததும் கலெக்டர் ஆபீஸ், எஸ்.பி. ஆபீஸ், நீதிமன்றம், சிறுவங்கூரில் 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி என்று வரிசையாக வந்தன. வேண்டியவைதான், பிரசவத்துக்கு விழுப்புரத்துக்கும் சேலத்துக்கும் ஓடியவர்களுக்குத் தெரியும் அதன் அருமை. 2011 கணக்கெடுப்பில் ஐம்பதாயிரத்தைச் சற்றே தாண்டிய ஊர் இது. தலைநகர் ஆனதும் துருகம் சாலை, சங்கராபுரம் சாலை, கச்சிராயபாளையம் சாலை என்று எல்லாத் திசையிலும் சென்ட் விலை ஏறியது.

எந்த நிலம் முதலில் விலை போனது என்று பாருங்கள். ரோட்டோரமாக, சமமாக, தண்ணீர் மட்டம் மேலே உள்ள நிலம். ஏரிக்குக் கீழே உள்ள ஆயக்கட்டு நிலம் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். பாறையும் மேடுமாகக் கிடக்கிற கரம்பில் யாரும் மனை போடவில்லை. அதிகக் குளிர்ச்சி தந்த நிலத்தை முதலில் தாரை வார்த்தோம். வெயிலில் காய்வதற்கென்றே இருந்த நிலத்தைச் சும்மா விட்டுவிட்டோம். திட்டமிட்டு யாரும் செய்யவில்லை, விலை செய்தது. ஆனால் தலைகீழாகச் செய்திருந்தால் இதே வீடுகளும் இதே ஆபீசுகளும் குறைந்த சூட்டில் வந்திருக்கும்.

ஏரி ஒரு விஷயத்தில் நுட்பமானது. ஆயக்கட்டு போனபிறகு ஏரி எதற்கு என்ற கேள்வி வரும். மதகைத் திறக்க ஆள் இருக்காது. வரத்து வாய்க்காலைத் தூர் வாரக் கேட்கிறவர் இருக்க மாட்டார். அப்புறம் ஏரிக்குள் குப்பை, கோழிக்கழிவு, கடைசியில் ஒரு பேருந்து நிலையமோ ஆபீசோ. தமிழ்நாட்டில் எத்தனை ஊரில் பார்த்துவிட்டோம்!

விவசாயத்தை முழுக்கப் புகழ்ந்துவிட்டேன் என்று நினைக்கக்கூடாது. நம் மாவட்டத்தில் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்பு வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கிற பயிர். கோடையில் அதன் குளிர்ச்சி பெரியது. மக்காச்சோளம் நூறு, நூற்றுப் பத்து நாளில் முடிந்துவிடும். பிறகு மொட்டை நிலம். மரவள்ளி பத்து மாதம் நின்றாலும் முதல் சில மாதம் இடைவெளியெல்லாம் வெறும் மண். கூலி ஆள் கிடைக்காமல், ஆலைப் பணம் காலத்தில் வராமல், கரும்பை விட்டவர்கள் பலர். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இன்னொரு பக்கம், கோடைப் பச்சையின் பெரும்பகுதி இன்று ஏரித் தண்ணீரில் இல்லை, ஆழ்துளைக் கிணற்றில் நிற்கிறது. நிலத்தடி நீரை இறைத்து வாங்கிய குளிர்ச்சி கடன் வாங்கிய குளிர்ச்சி. நீர் மட்டம் இறங்கினால் அந்தப் பச்சையும் போகும், அதன் குளிர்ச்சியும் சேர்ந்து போகும். மழைநீர் பிடித்த ஏரியின் குளிர்ச்சிதான் வருஷா வருஷம் வரக்கூடியது.

சரி, கடைசியில் பேசுகிறேன் என்று சொன்ன காட்டுக்கு, நம் கல்வராயன் மலைக்கு வருவோம்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் துண்டு. வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன். சேர்வராயனும் பச்சைமலையும் ஜவ்வாதும் பக்கத்துச் சொந்தங்கள். மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறைகளாக வாழ்கிற இடம். சாமை, தினை, கேழ்வரகு விளைந்த மலை. கடுக்காய்க்குப் பேர்போன மலை. 1976 வரைக்கும் ஜாகிர்தாரர்கள் கையில் இருந்தது. இந்தியா சுதந்திரம் அடைந்து இருபத்தொன்பது வருஷம் கழித்துத்தான் அங்கே அரசாங்கமே போய்ச் சேர்ந்தது என்று சொல்லலாம்.

மலை ஏன் குளிர்ச்சி? முதற்காரணம் உயரம். ஒரு கிலோமீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். வெள்ளிமலைப் பக்கம் இரண்டாயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில் நின்றால், மரம் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் சமவெளியைவிட ஐந்து டிகிரி வரை குறைவாகத்தான் இருக்கும். கோடை விடுமுறைக்கு மேகம் அருவிக்குப் போய் வருகிறவர்கள் காட்டுக்குச் சொல்கிற நன்றியில் பாதி உயரத்துக்குச் சேர வேண்டியது. அந்தக் காடும் பெரும்பாலும் இலையுதிர் காடு. மாசி, பங்குனியில் இலையைக் கொட்டிவிட்டு நிற்கும். இலையில்லாத மரத்துக்கு ஆவியாக்கித் தள்ள நீர் ஏது? ஓடையோரத்தில் மிஞ்சிய பசுமைக்காடு மட்டும்தான் சித்திரையிலும் வேலை செய்யும்.

ஆகவே "மலையில் மரம் வெட்டியதால் கள்ளக்குறிச்சி டவுனில் வெயில் கூடிவிட்டது" என்று யாராவது சொன்னால், அவ்வளவு நேராக இல்லை என்று சொல்லுங்கள். அத்தனை தூரத்து மரநிழல் இங்கே வந்து விழாது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து மலையைத் தாண்டி இறங்குகிற காற்று, மரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நூறு மீட்டர் இறங்க ஒரு டிகிரி வீதம் சூடேறிக்கொண்டுதான் வரும். காடு நம் சூட்டோடு தொடர்புகொள்வது தண்ணீர் வழியாக. கோமுகி அந்த மலையிலிருந்து வருகிறது. மணிமுக்தாவுக்கும் அந்த மலைதான் தாய். காட்டுத் தரையில் சருகும் வேரும் இருந்தால் ஐப்பசி மழை உள்ளே இறங்கி, தை மாசி வரைக்கும் ஓடையில் கசிந்து வரும். சரிவைச் சுரண்டிக் கிழங்கு வைத்தால் அதே மழை ஒரே நாளில் மண்ணோடு இறங்கி அணையில் வண்டலாகப் படியும். 46 அடிக் கோமுகி அணை நிரம்புவது ஒரு கணக்கு. நிரம்பிய நீர் எத்தனை மாதத்துக்கு வயலில் நிற்கிறது என்பது வேறு கணக்கு. நான் முதலில் சொன்ன 13,600 யூனிட், கடைசியில் அந்த மலைச் சரிவின் சருகில் போய் நிற்கிறது.

மலைக்கு மேலே நடந்த மாற்றத்துக்கு மலைமக்களைக் குறை சொல்வது ஜீப்பில் ஏறி இறங்குகிறவர்களுக்கு எளிது. சாமையை விட்டு மரவள்ளிக்குப் போனதற்குக் காரணம் கீழே இருக்கிறது: ஆத்தூரிலும் சின்னசேலத்திலும் ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கு கேட்கின்றன, பணமாகக் கொடுக்கின்றன. சாமைக்கு யார் விலை கொடுத்தோம்? இப்போது சிறுதானியம் என்று பாக்கெட்டில் போட்டு நகரத்தில் விற்கிற விலையில் பாதி அவர்களுக்குப் போயிருந்தால், சரிவுகள் இப்படி உரிந்திருக்காது. 2006 வன உரிமைச் சட்டப்படி நிலத்துக்குப் பட்டா உறுதியாகக் கிடைத்தவர்தான் பத்து வருஷம் கழித்துக் காய்க்கிற மரத்தை நடுவார். நாளைக்கு இந்த நிலம் நமக்கா என்று தெரியாதவர் பத்து மாதக் கிழங்கைத்தான் நடுவார். இது பொருளாதாரம், வானிலை இல்லை. ஆனால் வானிலையில் வந்து முடிகிறது.

என்ன செய்யலாம்? நான்கைந்து விஷயம் சொல்கிறேன், அதிலும் சிலவற்றைக் கறாராக.

மரக்கன்று நடுவிழா வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கூண்டுக்குள் கன்று, கூண்டின்மேல் நன்கொடையாளர் பெயர், அடுத்த ஆடியில் கூண்டு மட்டும் என்பது நாம் எல்லோரும் பார்த்த காட்சி. நடுகிறவரைவிட மூன்று கோடை தண்ணீர் ஊற்றுகிறவருக்குச் சால்வை போடுங்கள். எங்கே நடுவது என்பதும் முக்கியம். வெயில் சாய்ந்து அடிக்கிற மேற்குச் சுவர்ப் பக்கம், பேருந்துக்கு நிற்கிற இடம், சந்தை, பள்ளி வாசல். சாலை அகலமானபோது போன புளியமரங்களின் நிழலில் நடந்தவர்கள் இன்னும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கூரை. மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் விழும் வெயிலில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். உள்ளே கூரைச் சூடு நன்றாகவே குறையும். செலவு குறைவு, மழைக்குப் பிறகு மறுபடி அடிக்க வேண்டும், அவ்வளவுதான். இருப்பவர் வீட்டைவிடச் சிமெண்ட் ஷீட்டும் தகரமும் போட்ட வீடுகளுக்கு முதலில் இது போக வேண்டும். அங்கேதான் குழந்தையும் கிழவியும் பகலில் அடைந்து கிடக்கிறார்கள். அரசுப் பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடைக் கூரைகளில் நகராட்சியும் ஒன்றியமும் ஒரே கோடையில் இதை முடித்துவிடலாம்.

மனைப்பிரிவு விதி ஏற்கெனவே இருக்கிறது. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மிஞ்சிய நிலத்தில் 10 விழுக்காட்டைப் பொதுத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் நகரில் அந்த இடம் எது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? தேடிப் பாருங்கள். சில இடத்தில் தண்ணீர்த் தொட்டி நிற்கும், சில இடத்தில் யாரோ மாடு கட்டியிருப்பார்கள், சில இடத்தில் அதையும் மனையாக விற்றிருப்பார்கள். அந்த இடங்களைக் கண்டுபிடித்து மரம் வைத்தாலே, ஊருக்குப் புதிதாகப் பூங்கா கேட்டு யாரிடமும் மனு கொடுக்க வேண்டாம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. அதிக வெப்பத்தை விட்டுவிடுங்கள், அதை எல்லோரும் பேசுகிறார்கள். விடியற்காலைக் குறைந்த வெப்பத்தை எழுதி வையுங்கள். நான்குமுனைச் சந்திப்பருகே ஒரு வீடு, ஊர் ஓரத்து மனைப்பிரிவில் ஒரு வீடு, ஏரிக்கரைக் கிராமத்தில் ஒரு வீடு, கச்சிராயபாளையம் மலையடிவாரத்தில் ஒரு வீடு. ஒரே மாதிரி வெப்பமானி, நிழலில், ஒரே உயரத்தில், ஒரே நேரத்தில். இரண்டு கோடை எழுதினால் போதும், இந்த ஊரின் சூட்டை இந்த ஊர் எண்ணாலேயே பேசலாம். அதற்குப் பிறகு கலெக்டரிடம் போகும்போது கையில் மனு மட்டும் இருக்காது.

கடைசியாகப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாவட்டத் தலைநகராக இந்த ஊருக்கு இன்னும் பத்து வயது ஆகவில்லை. சென்னையிலும் சேலத்திலும் கட்டி முடித்துவிட்ட பிறகு யோசிக்கிறார்கள். இங்கே கட்ட வேண்டியதில் பெரும்பகுதி இனிமேல்தான் வரப்போகிறது. வருகிற மே 1 அன்று எல்லா ஊராட்சியிலும் கிராம சபை கூடும். ஊரைச் சுற்றியுள்ள ஊராட்சிக்காரர்கள் அன்று போய் உட்காருங்கள். எங்கள் ஏரியின் வரத்து வாய்க்காலையும் கலங்கலையும் அளந்து கல் நடுங்கள், ஆயக்கட்டு நஞ்சையை மனையாக்குவதற்குத் தடையின்மைச் சான்று தராதீர்கள், கரம்பில் இடம் காட்டுங்கள் என்று தீர்மானம் கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைப் படித்துப் பார்த்தபிறகு கையெழுத்துப் போடுங்கள். நகரத்துக்குள் இருப்பவர்கள் பகுதி சபாவில் இதே கேள்வியைக் கேளுங்கள்.